மகத்தில் எழுபத்தோரு பேர்

நேற்று ஆயில்யத்துக்கு அறுபத்து மூன்று லேபிளையும் ஒன்றுகூடப் பிசகாமல் அடித்துக் கொடுத்த பிரிண்டர் இன்று மகத்துக்கு மட்டும் மாட்டேன் என்கிறதென்றால் அது பிரிண்டரின் குற்றமாக இருக்க முடியாது, பிரிண்டருக்கு நட்சத்திரமா தெரியும் என்று நினைத்துக்கொண்டாள் உலகம்மை. திரையின் நடுவில் சின்னப் பெட்டி ஒன்று நின்றது. தகவலின் ரகம் பொருந்தவில்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கீழே ஓகே என்று ஒரே ஒரு பொத்தானைக் காட்டியது. எது பொருந்தவில்லை, யாருக்குப் பொருந்தவில்லை என்று சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடும் போலிருக்கிறது. ஓகேயை அழுத்தினால் போய்விடும், மறுபடி அடிக்கச் சொன்னால் மறுபடி வந்து நிற்கும், மூன்று தடவை ஆகிவிட்டது. மணி பத்து இருபது. பதினொன்றரைக்கு உச்சிகால பூஜை. அதற்குள் மக நட்சத்திரக்காரர்கள் எழுபத்தோரு பேரின் பட்டியல் பட்டர் கையில் இருக்க வேண்டும், பூஜை முடிந்ததும் எழுபத்தோரு கவரில் திருநீறும் குங்குமமும் மடித்துப் போட்டு, லேபிள் ஒட்டித் தபாலாபீசுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கோயிலின் நட்சத்திர அர்ச்சனைக் கட்டளையில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேர் உறுப்பினர்கள். மாதம் ஒருமுறை அவரவர் பிறந்த நட்சத்திரத்தன்று அவரவர் பெயர் சொல்லி அர்ச்சனை, அவரவர் வீட்டுக்குத் தபாலில் பிரசாதம். இன்று தவறினால் அடுத்த மகம் இருபத்தேழு நாள் கழித்துத்தான். தவறாது, பதினாலு வருஷமாகத் தவறியதில்லை, இந்தப் புரோகிராம் ஒரு வரி விடாமல் அவள் கைப்பட எழுதியது, அவளுக்குத் தெரியாமல் அதற்குள் ஒரு எறும்பு போக முடியாது.

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான். பிரிண்டரைத் தனியாக ஒரு சோதனைத் தாள் அடிக்கச் சொன்னாள், சமர்த்தாக அடித்தது. நேற்றைய ஆயில்யத்தை வெறும் தாளில் அடித்து, அதை லேபிள் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அறுபத்து மூன்று முகவரியும் அறுபத்து மூன்று கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தன, மேல் ஓரத்தில் பதின்மூன்று மில்லிமீட்டர், இடப்பக்கம் எட்டு. அந்தப் பதின்மூன்றை அளந்து சொன்னவன் அவள் தம்பிதான். பள்ளிக்கூட ஸ்கேலை லேபிள் தாளில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, அக்கா பன்னெண்டுன்னா தலை தட்டும், பதினாலுன்னா கால் தட்டும், பதிமூணு போடு என்றான். பிரிண்டர் மூன்று மாறிவிட்டது, கம்ப்யூட்டர் இரண்டு மாறிவிட்டது, பதின்மூன்று மாறவில்லை. சரி, அது இப்போது எதற்கு. பிரிண்டர் சரி, தாள் சரி, அளவு சரி, புரோகிராம் நேற்றுவரை சரி, ஆகக் கோளாறு மகத்தில் இருக்கிறது. எழுபத்தோரு பேரில் எவரோ ஒருவரிடம் இருக்கிறது. ஒருவரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. வெளியே ரத வீதியில் மழை பிடித்துக்கொண்டது, ஜன்னல் கம்பியில் அடித்த சாரல் பிரிண்டர் மேல் படாமல் இருக்க அவள் ஒரு கதவைச் சாத்தினாள்.

கட்டளைச் செயலாளர் தாணுமூர்த்தி அண்ணாச்சி அதற்குள் இரண்டு தடவை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கேட்கவில்லை, பார்த்தார், அதுதான் மோசம். போன வாரம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் லேப்டாப்போடு வந்து இதே மேஜையில் உட்கார்ந்து கண்காட்சி நடத்தினான். எல்லாம் ஆன்லைன், உறுப்பினருக்குச் செல்லில் செய்தி போகும், லேபிள் தானாக அடிக்கும், மேடம் சிரமப்பட வேண்டாம். மேடம் சிரமப்படுவதாக யார் அவனிடம் சொன்னது. அண்ணாச்சிக்குக் கண் விரிந்துவிட்டது. ஆனாலும் அவர் நியாயமான மனுஷர், உலகம்மாவோட புரோகிராம் இதுவரை ஒரு நாள்கூடத் தகராறு பண்ணினதில்லை, பண்ணினா அப்பம் யோசிப்போம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். இன்று தகராறு. லிஸ்ட் வராமல் போனால் திங்கட்கிழமையே கம்பெனிக்காரன் வந்து இறங்கிவிடுவான், எல்லாப் பெயரையும் அள்ளிக்கொண்டு போய்த் தன் பெட்டிக்குள் போட்டுக்கொள்வான். போடட்டும், வேலை போனால் போகிறது, அவளுக்குக் கை இருக்கிறது, தலை இருக்கிறது, ஊரில் ஜவுளிக்கடைகள் ஆயிரம். ஆனால் போகிற போக்கில் அவன் இன்னொன்றும் சொன்னான். முகவரி இல்லாத பதிவுகளை எங்கள் சாஃப்ட்வேர் ஏற்றுக்கொள்ளாது, தானாகவே கழித்துவிடும், எல்லா இடத்திலும் பத்திருபது குப்பை இருக்கத்தான் செய்யும் மேடம் என்றான். இங்கே பத்திருபது இல்லை. ஒன்றே ஒன்றுதான். குப்பை என்ற சொல்லை அவள் அன்று ராத்திரி சாப்பிட உட்காரும்வரை மறக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

பாதியாக்கு, பாதியை மறுபடி பாதியாக்கு. எதையும் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிந்த வழி இதுதான், அரிசியில் கல் பொறுக்குவதற்கும் இதைத்தான் செய்வாள், முறத்தில் கோடு கிழித்துக்கொள்வாள். எழுபத்தோரு பேரையும் உறுப்பினர் எண் வரிசைப்படி நிறுத்தினாள். முதல் முப்பத்தாறு பேரை மட்டும் அடி என்றாள், அடித்தது. மிச்சம் முப்பத்தைந்து பேரை அடி என்றாள், பெட்டி வந்து நின்றது. வா ராஜா, உன்னைத்தான் தேடுகிறேன். முப்பத்தைந்தில் பின்பாதி பதினெட்டு, அடித்தது. ஆக நடுவில் பதினேழு பேர். நடுவில் வருகிறவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் நஷ்டம்தான், பட்டர் பட்டியலை ஆரம்பிக்கும்போது முதல் நாலைந்து பெயரை மைக்கில் நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார், பத்தாவது பெயருக்கு வேகம் பிடித்துவிடும், இருபதுக்குமேல் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு இரைச்சல், கடைசி இரண்டு மட்டும் மறுபடி காதில் விழும். நடுவில் யார் இருந்தார்கள், இல்லை என்று அந்த அம்பாளுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் அவள் மகத்தன்று மட்டும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பாள், அந்த இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிடிக்கப் பார்ப்பாள், ஆவு என்று ஒருதரம் கேட்ட மாதிரி இருக்கும், அது ஆவுடையம்மாளாகவும் இருக்கலாம். பிறகு விட்டுவிட்டாள். கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, சொல்லியாகிறது.

பதினேழில் பின்பாதி ஒன்பது, அடித்தது. எட்டில் பின்பாதி நாலு, அடித்தது. அடிக்க அடிக்க அவளுக்குக் குஷிதான் வந்திருக்க வேண்டும், கோளாறு வலைக்குள் வந்துவிட்டது, மணி பத்து ஐம்பதுதான் ஆகிறது. வரவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்தார்களே, அந்த நாள்தான் வந்து நின்றது. கூடத்தில் ஏழு பேர், கேசரித் தட்டை அவள் கையில் வைத்திருக்கிறாள், வாசலில் தபால்காரர் மணி அடிக்கிறார். ஒன்றா இரண்டா, ஒன்பது கவர், எல்லாம் தம்பி பெயருக்கு. அவன் எழுதாத இடமில்லை. ரேடியோவில் குரல் தேர்வு, பரிசுப் போட்டி, தபால் வழிப் படிப்பு, கப்பலில் வேலை, எல்லாவற்றுக்கும் வீட்டு முகவரியை அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டுவிடுவான். போட்டோவோடு திரும்பிவந்த ஒரு விண்ணப்பம் கவர் கிழிந்து கூடத்தில் விழுந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதைக் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, தம்பிக்கு உத்தியோகம் தபால் வாங்குறதுதானா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அந்தச் சம்பந்தம் அதனால் தட்டிப்போகவில்லை, அவர்களுக்கு வேறு இடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அது பிறகு தெரிந்தது. பிறகு தெரிந்து என்ன பிரயோசனம். அன்று சாயங்காலம் ஒன்பது கவரையும் அவன் முன்னால் போட்டாள். இனிமே எவனுக்கும் இந்த வீட்டு அட்ரசக் குடுக்காத, இது ஒன் ஆபீசு இல்ல என்றாள். சரிக்கா என்றான். அவ்வளவுதான் சொன்னான். மூன்று வாரம் தபால்காரர் அந்தத் தெருவில் அவர்கள் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போனார். நாலாவது வாரம் ஒரு பையோடு பஸ் ஏறியவன், பதினோரு வருஷம் ஆகிறது, ஒரு கார்டு இல்லை, செல்போன் அன்றைக்கே அணைந்தது. அவளுக்குக் கோபம் இல்லை, பயம்தான். எந்த ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலாவது கிடந்து, உனக்கு வீடு எங்கே, யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், அவன் சொல்லியிருக்க மாட்டான். சொன்ன சொல்லைக் கேட்கிற பிள்ளை.

நாலு பேர். திரையில் நாலு வரிகள். முப்பத்தேழு அகிலாண்டம், கோவில்பட்டி. முப்பத்தெட்டு பிச்சாண்டி, மும்பை. முப்பத்தொன்பது வேலம்மாள், அம்பாசமுத்திரம். நாற்பது ஆவுடையப்பன். அதற்குமேல் பாதியாக்க ஒன்றும் இல்லை. உலகம்மை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள், சிரிப்புக்கூட வந்தது, இத்தனை நேரம் பிரிண்டரையும் தாளையும் அகிலாண்டத்தையும் சந்தேகப்பட்டவள் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடத்தைக் கடைசியாகப் பார்க்கிறாள். பெயர் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. கதவு எண் இல்லை, தெரு இல்லை, ஊர் இல்லை, பின்கோடு இல்லை. தம்பி போய் இரண்டு வருஷம் கழித்து அவளே சேர்த்தாள், முகவரியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறுமனே விட்டாள். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் போதும், அம்பாள் கதவு எண் கேட்பதில்லை. மாதாமாதம் அவன் பெயர் மட்டும் தனியாக நிற்கும் அந்த லேபிள் வரும், அதை உரித்துப் பழைய ஸ்டாக் நோட்டின் பின்பக்கத்தில் ஒட்டிவைப்பாள், நூற்றுப் பதினேழு ஆகிவிட்டது. அவன் பங்குத் திருநீறு அவள் நெற்றிக்கு. யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. கேட்டது இந்தப் பெட்டிதான், அதையும் கேட்க வைத்தவள் அவளேதான். ஒன்பது நாளைக்கு முன்பு, அசுவினியன்று, போஸ்ட் மாஸ்டர் கூப்பிட்டு, கவரை பின்கோடு வரிசையில் கட்டிக் கொண்டாங்கம்மா, எங்களுக்குப் பிரிச்சு மாளல என்றார். பாதிப் பேரின் பின்கோட்டில் நடுவே இடைவெளி, பாதிப் பேருக்கு அந்த இடைவெளி இல்லை, எழுத்தாக அடுக்கினால் கன்னாபின்னா என்று வரும். ஆகவே இடைவெளியை எடுத்துவிட்டு அதை எண்ணாக மாற்றி அடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதினாள். எண்ணாக மாற்ற இரண்டு விதம் உண்டு, ஒன்று கறார், வெற்றிடத்தைக் கண்டால் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். இன்னொன்று தாராளம், ஒன்றும் இல்லாவிட்டால் சைபர் என்று எடுத்துக்கொண்டு போய்விடும். எதைப் போட்டிருப்பாள் உலகம்மை. கறாரைத்தான். அசுவினி முதல் ஆயில்யம்வரை ஒன்பது நட்சத்திரத்தில் வெற்றிடம் உள்ளவர் யாரும் இல்லை. மகத்தில்தான் உண்டு.

மணி பதினொன்று. பட்டரிடமிருந்து ஆள் வந்து லிஸ்ட் கேட்டுவிட்டுப் போனான். சுருக்கு வழி இரண்டு கண் முன்னாலேயே இருக்கிறது. ஒன்று, ஆவுடையப்பனின் பதிவை நீக்கிவிடலாம், ஒரே ஒரு விரல், மிச்சம் எழுபது பேருக்கும் இந்த நிமிஷமே அடித்துவிடும். விரல் அந்தப் பக்கம் போகவே இல்லை. இரண்டாவது, ஏதாவது ஆறு எண்ணைத் தட்டிவிடலாம், ஒன்று ஒன்று ஒன்று, எந்த ஊர் என்று யார் பார்க்கப்போகிறார்கள். அதுவும் மனசு ஒப்பவில்லை. ஒருவனை இருக்காத ஊரில் இருக்கிறான் என்று எழுதுவதற்கு அவள் யார். புரோகிராமுக்குத் தோதாக ஆளை மாற்றுவதா, ஆளுக்குத் தோதாகப் புரோகிராமை மாற்றுவதா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. புரோகிராமில் எண்ணாக மாற்றும் அந்த வரியைத் திறந்தாள். கறாரான சொல்லை அழித்தாள், தாராளமான சொல்லை அந்த இடத்தில் எழுதினாள், மூன்றே எழுத்து. எழுதிவிட்டு ஒருதரம் படித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லாதவன் வந்தால் நிறுத்தாதே, உள்ளே விடு என்றுதான் அதற்கு அர்த்தம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால், என்று ஆரம்பித்த மனசை, சரி சரி, இப்போ அடி என்று அதட்டி உட்கார வைத்தாள்.

அடித்தது. முதலில் பட்டருக்கு உரிய பட்டியல் இரண்டு பக்கம், பிறகு லேபிள் தாள் மூன்று. மணி பதினொன்று எட்டு. சூடு ஆறாத தாளைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். எண்ணாக அடுக்கினால் சைபர்தானே எல்லோருக்கும் முன்னால் வரும். ஒன்பது வருஷமாக நாற்பதாவது ஆளாக இரைச்சலுக்குள் போய்க்கொண்டிருந்த ஆவுடையப்பன், இன்று பட்டியலில் முதல் வரியில் இருந்தான். லேபிள் தாளிலும் முதல் கட்டம் அவனுக்கு, பெயருக்குக் கீழே வெள்ளையாக. தாணுமூர்த்தி அண்ணாச்சி எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலை, மறுபடி வந்து நின்ற பட்டரின் ஆளிடம் கொடுத்து ஓடு என்று அனுப்பினார். பிறகு லேபிளின் முதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு உலகம்மா, அட்ரசே இல்லாம?"

பழைய பதிவு என்று சொல்லலாம், பார்த்துச் சரிசெய்கிறேன் என்று சொல்லலாம், வாயில் இரண்டும் தயாராக இருந்தன.

"என் தம்பி அண்ணாச்சி. நாந்தான் சேத்தேன். இவன் ஒருத்தனாலதான் இவ்வளவு நேரம் அடிக்கல. இப்பம் சரியாயிட்டு, இனிமே நிக்காது."

இந்த ஊரில் அவள் தம்பி போனது தெரியாதவர்கள் இல்லை, அவளிடம் அதைப் பேசியவர்களும் இல்லை. அண்ணாச்சி விரலை லேபிளிலிருந்து எடுத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. திங்கக்கிழம அந்தப் பயல வரவேண்டாம்னு சொல்லிருதேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மண்டபத்துப் பக்கம் நடந்தார். ஜெயித்தாகிவிட்டது, கம்பெனிக்காரன் வரப்போவதில்லை, தம்பியின் பெயரைக் கழிக்க இனி ஆளில்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். மழை விட்டிருந்தது. கோபுரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி கரகரத்தது, பட்டர் தொண்டையைச் செருமுவது நாலு ரத வீதிக்கும் கேட்டது. ஸிம்ஹ ராசௌ, மகா நக்ஷத்ரே, என்று நிறுத்தினார். பட்டியலைப் பார்க்கிறார். பிறகு முதல் பெயருக்கே உரிய நிதானத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக, ஆவுடையப்பன் நாமதேயஸ்ய என்றார். பால்கடைக்காரர் கேட்டிருப்பார். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டிருப்பார்கள். பதினோரு வருஷமாக அந்த வீதியில் யாரும் சத்தமாகச் சொல்லாத பெயர் சுவரில் மோதித் திரும்பி வந்தது. உலகம்மை அழுதாள். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, யார் பார்த்தால் என்ன.

மூன்றாவது பெயர், நாலாவது பெயர், பட்டருக்கு வேகம் பிடிக்க ஆரம்பித்தது. அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தம்பியின் பதிவைத் திறந்தாள். இப்போது புரோகிராம் எதையும் கேட்கவில்லை, வெற்றிடம் வெற்றிடமாகவே கிடக்கலாம், யாருக்கும் தொந்தரவு இல்லை. கேட்காதபோது கொடுப்பதுதான் கொடுப்பது. கதவு எண் என்ற இடத்தில் தங்கள் வீட்டு எண், இருபத்திரண்டு என்று எழுதினாள். தெற்கு ரத வீதி என்று எழுதினாள். ஊர் எழுதினாள், பின்கோடு ஆறு எண்ணையும் இடைவெளி விடாமல் எழுதினாள். அடுத்த மாதம் அவன் முதல் ஆள் இல்லை, உள்ளூர்க்காரர்களோடு முப்பதாவதோ முப்பத்தைந்தாவதோ வண்டிரைச்சலுக்குள் போய்விடுவான், போகட்டும், வீடு உள்ளவர்கள் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். மூன்றாவது தாளில் கடைசிக் கட்டம் ஒன்று காலியாக மிச்சம் இருந்தது. தாளை மறுபடி செருகி, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் அடித்தாள். பதின்மூன்று மில்லிமீட்டர் பிசகவில்லை. பிரசாதம் வந்ததும் அவன் பங்கைக் கவருக்குள் போட்டு, லேபிளை நோட்டில் ஒட்டாமல் கவரில் ஒட்டி, மற்ற எழுபதோடு சேர்த்துக் கட்டினாள். நாளை மறுநாள் தபால் வரும். இப்போது வருகிற தபால்காரர் புதுசு, அவன் இருந்த காலம் அவருக்குத் தெரியாது, வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஆவுடையப்பன்னு இங்க யாரு என்று கேட்பார். இந்த வீடுதான் என்று சொல்ல வேண்டும்.